காந்தளும் கண்வலிக்கிழங்கும்

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு நாள், முதலாமாண்டு வகுப்பில் குறுந்தொகையின் முதற்பாட்டை நடத்திக்கொண்டிருந்தோம். தலைவன் கையுறையாகக் கொணர்ந்த காந்தட்பூவைத் தோழி ஏற்க மறுக்கும் பாட்டு அது. எங்கள் மலையில் இல்லாத பூவா இது என்னும் குறிப்பு அவள் சொல்லில் எவ்வாறு தொனிக்கின்றது என்பதை நாம் விரித்துரைத்துக்கொண்டிருந்த வேளையில், முடிச்சூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். வழியில் ஒரு காலிமனை வேலியில் பறித்ததாகச் சொல்லி ஒரு பூவைக் காட்டி, "இது என்ன பூ ஐயா?" என்றார். ஆறு இதழ்கள், தீக்கொழுந்துபோல் மேல்நோக்கி வளைந்து நெளிந்தவை, அடியில் மஞ்சள், நுனியில் செம்மை. "ஏதோ காட்டுப்பூ. பாடத்தைக் கவனியுங்கள்" என்று சொல்லி அவரை அமரச் செய்துவிட்டு, காந்தளின் அழகைப் பற்றிய உரையைத் தொடர்ந்தோம்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் நின்ற தோட்டப் பணியாளர் அப்பூவைக் கண்டதும் பதறினார். "தம்பி, இது கண்வலிக்கிழங்குப் பூ. கையக் கழுவிட்டுச் சாப்பிடு" என்று அம்மாணவரிடம் சொன்னார். அன்று மாலை நூலகத்தில் தாவரவியல் நூலொன்றைப் புரட்டியபோதுதான் உண்மை விளங்கிற்று. கண்வலிக்கிழங்கும் காந்தளும் ஒன்றே. கையில் இருந்த பூவை 'ஏதோ காட்டுப்பூ' என்று ஒதுக்கிவிட்டு, ஏட்டில் இருந்த அதே பூவை ஒரு மணி நேரம் வியந்திருக்கிறோம். இதனை இம்மலரில் எழுத நாணமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விடுவது அதனினும் தவறு எனப்பட்டது.

காந்தள் நம் இலக்கியத்தில் எளிய இடம் பெற்ற பூ அன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறார். அவ்வரிசை தொடங்குவதே செங்காந்தளில்தான். மகளிர் விரலுக்குக் காந்தளை உவமை சொல்லாத சங்கப் புலவர் அரியர். தொல்காப்பியப் புறத்திணையில் ஒரு துறைக்கே அது பெயராக நிற்கின்றது. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் செங்காந்தளே. ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாடும் இதனைத் தன் தேசிய மலராகக் கொண்டுள்ளது. 'தோன்றி' என்று கபிலர் தனியே சுட்டும் பூவும் இதுவா, இதன் இனத்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் துறையிலும் அவ்விவாதம் பலமுறை நடந்திருக்கிறது. பூவை நேரில் பார்த்திராமலேயே நடந்தது என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறோம்.

ஊர் மக்கள் வழங்கிய பெயர்களோ செடியை நன்கு பார்த்தவர் இட்ட பெயர்கள். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு இரு கவடாக வளைந்து ஏர்போல் இருத்தலின் கலப்பைக்கிழங்கு. வடமொழியார் இலாங்கலி என்றதும் அதே பொருளில்தான்; இலாங்கலம் என்பது கலப்பை. கார்த்திகையில் பூத்தலின் கார்த்திகைப்பூ. ஈழத் தமிழரிடையே இப்பெயரே பெருவழக்கு. கண்வலிக்கிழங்கு என்ற பெயருக்கு, அப்பூவை உற்று நோக்கினால் கண் நோகும் என்று சொல்லப்படுகிறது. பார்ப்பதனால் கண் நோவதில்லை. ஆயினும், பிள்ளைகளை அச்செடியின் பக்கம் அண்டவிடாமல் காக்க ஒரு தாய்க்கு அச்சொல் போதுமானதாக இருந்திருக்கும். அவ்வகையில் அப்பெயரே ஓர் எச்சரிக்கைப் பலகை எனலாம்.

எச்சரிக்கை எதற்கு? இச்செடியின் கிழங்கு, விதை, இலை, தண்டு ஆகிய எல்லா உறுப்புகளிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. நம் உடலில் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, உள்ளே நுண்ணிய குழல்கள் உருவாகி மரபுப் பொருளை இருபுறமும் இழுத்துச் செல்கின்றன. அக்குழல்கள் உருவாவதைக் கோல்சிசின் தடுத்துவிடுகிறது, பிரிதல் நின்றுபோகிறது. ஆதலால் விரைந்து பிரியும் அணுக்கள் எங்கெல்லாம் உள்ளனவோ அங்கெல்லாம் இந்நஞ்சு முதலில் தாக்கும். குடலின் உட்சுவர், எலும்பு மச்சை, மயிர்க்கால்கள் ஆகியன அவை. கிழங்கைத் தின்றவருக்கு உடனே ஒன்றும் தோன்றாது. சில மணி நேரம் கழித்தே வாய் எரிச்சலும் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அடுத்த சில நாட்களில் சிறுநீரகம், கல்லீரல், இதயம் முதலியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தளரும். இரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவருக்கு ஓரிரு வாரங்களில் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரும். இந்நஞ்சுக்கு மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைக்கும் முறிவு மருந்து எதுவும் இல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கென்றும் வேறு கிழங்கென்றும் மயங்கி இதனைச் சமைத்து உண்டு மாண்டவர்களைப் பற்றி இலங்கையிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் மருத்துவ ஏடுகளில் குறிப்புகள் வந்துள்ளன. பெயர் தெரியாமையால் நேர்ந்த இறப்புகள் இவை.

இத்தகைய நஞ்சே மருந்தாகவும் இருப்பது வியப்புக்குரியது. கருங்கடலின் கீழ்க்கரையில் கோல்கிஸ் என்று பழங்காலத்தில் ஒரு நாடு இருந்தது. அந்நாட்டின் பெயரால் வழங்கும் ஒரு செடி காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கிழங்கை யூனானி மருத்துவர் சூரஞ்சான் என்பர். ஆறாம் நூற்றாண்டிலேயே திரால்லெஸ் ஊரினரான அலெக்சாந்தர் என்ற கிரேக்க மருத்துவர் அதனைக் கீல்வாதத்துக்குக் கொடுத்தார். பின்னர், கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில் மூட்டுநோவுக்குச் சூரஞ்சானைக் கூறினார். யூனானி மரபு அதில் இனிப்புச் சூரஞ்சான், கசப்புச் சூரஞ்சான் என இருவகை பிரித்து, இனிப்பானதை உள்ளுக்கும் கசப்பானதைப் பெரும்பாலும் வெளிப்பூச்சுக்கும் உரியதாக வைத்தது. மருந்தின் பெயரோடு அதன் எல்லையையும் சேர்த்தே கற்பித்த அப்பெரியோர்களின் ஒழுங்கை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1820-ஆம் ஆண்டு பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அச்செடியிலிருந்து இந்நஞ்சைப் பிரித்தெடுத்தனர். எட்டிக்கொட்டையின் நஞ்சாகிய ஸ்டிரிக்னினை 1818-இலும், மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைனை 1820-இலும் பிரித்தெடுத்தவர்களும் இவ்விருவரே. பொதுவாகக் கௌட் என்று வழங்கும் மூட்டு வீக்கத்துக்குக் கோல்சிசின் இன்றும் மருந்து. அரபு நாடுகளிலும் துருக்கியிலும் பரம்பரையாகக் காணப்படும் ஒருவகை விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு 1972 முதல் அது கைகொடுத்து வருகிறது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகள் சிலருக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் அளவில் கொடுக்க இசைவு அளித்தது. பயிர் வளர்ப்பிலும் இதற்குப் பங்குண்டு. கோடையில் ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் குவித்து விற்கும் தர்ப்பூசணியில் விதையில்லாத வகை ஒன்று உண்டல்லவா? அதன் தாய்ச்செடியை உருவாக்கக் கோல்சிசினே பயன்பட்டது. நஞ்சு செல்லாத இடமில்லை போலும்!

இங்கே அளவைக் கவனிக்க வேண்டும். மருந்தாக மருத்துவர் எழுதும் மாத்திரை அரை மில்லிகிராம். ஏழு மில்லிகிராம் அளவிலேயே உயிர் பிரிந்த நேர்வுகள் பதிவாகியுள்ளன. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இவ்வளவு குறுகிய வரப்பில் நடக்கும் மருந்துகள் மிகச் சிலவே. கிழங்கிலோ, நஞ்சின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். ஒரு சிறு துண்டு எத்தனை மில்லிகிராம் என்பதைக் கண்ணாலோ நாவாலோ அறிய வழியில்லை. சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு மாத்திரையின் வழக்கமான அளவே மிகையாகிவிடலாம். சில நோய்க்கிருமிக் கொல்லி மருந்துகளுடன் சேர்ந்தால் அதன் வேகம் கூடும். ஆதலால் இம்மாத்திரை உண்பவர், வேறு மருத்துவரிடம் செல்லும்போது அதனை வாய்விட்டுச் சொல்லியே தீர வேண்டும்.

நம் சித்த மருத்துவ மரபும் இதனை அறியாததன்று. பாடாணங்களை அறுபத்து நான்கு என எண்ணி வகுத்த மரபு அது. நஞ்சை நஞ்சென்றே அழைத்தது. கலப்பைக்கிழங்கையும் எட்டியையும் சேராங்கொட்டையையும் சுத்தி செய்யாமல் சேர்க்கலாகாது என்று விதித்தது. இக்கிழங்கை அரிந்து, உப்பிட்ட மோரில் ஊறவைப்பதும் வெயிலில் உலர்த்துவதுமாகப் பல நாட்கள் செய்வது அச்சுத்தி முறைகளுள் ஒன்று. கோல்சிசின் நீரில் கரையும் தன்மையது ஆதலின் அம்முறையில் ஒரு பகுதி குறையும் என்பது பொருந்தும். ஆனால் குறைந்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பதை நம் வீட்டு அடுக்களையில் அளக்க முடியுமா? ஆசானிடம் பல்லாண்டு பயின்றவர் கைப்பக்குவம் வேறு. கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்துவிட்டு நாம் செய்வது வேறு.

முற்காலத்தில் மகப்பேற்றின்போது நஞ்சுக்கொடி விழ, இக்கிழங்கை அரைத்து வெளியே பூசும் வழக்கம் இருந்தது. நஞ்சுள்ள கொடியின் கிழங்கைக் கொண்டு நஞ்சுக்கொடியை விழச்செய்தனர் என்பது சொல் ஆராய்வோர்க்குச் சுவையான செய்தி. கருவுற்ற பெண்ணுக்கு இக்கிழங்கு பெருங்கேடு என்பதும் அவ்வழக்கத்திலேயே அடங்கியிருக்கிறது. இன்று அவ்வழக்கத்தை எவரும் மீண்டும் கையாள நினைத்தல் ஆகாது.

ஆயினும் நம்மிடையே ஒரு சொல் வழங்குகிறது: "மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என நாம் வாழும் பகுதிகளில் இச்சொல்லைக் கேளாத வீடு இராது. படித்தவரும் சொல்கின்றனர், பெரியவர்களும் சொல்கின்றனர். மரபை மதிப்பதாக எண்ணியே சொல்கின்றனர். உண்மையில் மரபு ஒருபோதும் அவ்வாறு சொன்னதில்லை. இச்சொல் மரபை மறந்தவர்களின் சொல். நம் பாட்டிமார் அரளியையும் ஊமத்தையையும் எருக்கையும் அறிந்திருந்தார்கள். எதை எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்று மட்டுமன்றி, எதைத் தொடக்கூடாது என்றும் அறிந்திருந்தார்கள். நமக்கு அவற்றின் புகழ் மட்டும் எஞ்சியது, அச்சம் எஞ்சவில்லை. காலிமனைகள் வீடுகளாயின; வேலிகள் சுற்றுச்சுவர்களாயின; எஞ்சிய ஓரிரு வேலிகளில் பூத்த பூவுக்கும் நம்மிடம் பெயரில்லை.

இவ்வகையில் நம் பகுதிக்கு ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது. 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காக அமைத்த சானடோரியத்தினால் பெயர்பெற்ற அதே இடத்தில், 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. மின்தொடர் வண்டியில் சானடோரியம் நிலையத்தில் இறங்கினால் நடந்து செல்லும் தொலைவு. முறையாகக் கற்றுப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்களை அங்கே காணலாம். இவ்வளவு அருகில் இருக்க, மூட்டுவலிக்கு முகவரியற்ற பொடியைத் தேடி நாம் ஏன் அலைகிறோம் என்பது நமக்கு விளங்காத புதிர்.

இனி, தமிழ்த்துறையினராகிய நாம் சொல்ல வேண்டிய செய்திக்கு வருகிறோம். 1940-ஆம் ஆண்டு மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின்கீழ் அமைந்த 1945-ஆம் ஆண்டு விதிகளில் 'இ-1' என்னும் அட்டவணை ஒன்று உண்டு. ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளில் சேரும் நஞ்சுப் பொருள்களின் பட்டியல் அது. இலாங்கலி என்ற பெயரில் நம் காந்தளும் அதில் இடம்பெற்றது. அப்பொருள்கள் சேர்ந்த உள்மருந்தின் கொள்கலத்தின்மேல், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்க என்னும் கருத்துடைய எச்சரிக்கை கண்ணில் படுமாறு இருக்க வேண்டும் என்று 161-ஆம் விதி வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் அவ்வெச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும் என்றே அவ்விதி எழுதப்பட்டது.

தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். பெருங்களத்தூரிலோ மேடவாக்கத்திலோ ஒரு சித்த மருந்துக் குப்பியை வாங்குகிறார். மருந்தின் பெயர் தமிழ். மருந்தை வகுத்த மரபு தமிழ். மருந்தில் சேர்ந்த கிழங்கைப் பாடிய இலக்கியம் தமிழ். 'இதில் நஞ்சு உண்டு, கவனம்' என்னும் ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொல்ல வேண்டும் என்று எந்த எழுத்தும் கட்டாயப்படுத்தவில்லை. இதனை மொழிப்பற்றின் முழக்கமாக நாம் எழுப்பவில்லை. உயிர்காக்கும் தேவையாகவே சொல்கிறோம். மருந்தை விற்கும் மாநிலத்தின் மொழியிலும் எச்சரிக்கை இருத்தல் வேண்டும். விதி திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழிலும் அச்சிடக் கூடாதென்று யாரும் தடுக்கவில்லை. மருந்து செய்வோர் தாமே முன்வரலாம். கூடவே, செடியின் பெயரை இலாங்கலி என்று மட்டும் எழுதாமல், கண்வலிக்கிழங்கு என்றும் அடைப்புக்குறிக்குள் எழுதட்டும். அப்பெயரைக் கண்டாலே கொங்குநாட்டு உழவர் வீட்டுப் பெண் எச்சரிக்கை அடைவார். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் இது பணப்பயிர். விதைக்காகவே பயிரிடுகின்றனர். பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்க்கும் நுண்பணி அது. விளைந்த விதையின் பெரும்பகுதி அயல்நாடு சென்று மருந்தாகிறது. அப்பெண்களுக்கு அது கண்வலிதான்; இலாங்கலி அன்று.

கல்லூரிக்குள் செய்யத்தக்கதும் உண்டு. சங்கப் பாடல் நடத்தும் ஆசிரியர், பாட்டில் வரும் செடியை மாணவருக்கு ஒருமுறையேனும் நேரில் காட்ட வேண்டும். தாவரவியல் துறையினர் நமக்கு நான்கு கட்டடம் தள்ளி இருக்கின்றனர். இத்தனை ஆண்டுகளில் நாம் அங்கே சென்றது தேநீர் விருந்துக்கு மட்டுமே. காந்தளை அடையாளம் காண்பது எளிது. அதன் இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அருகிலுள்ள கொம்பைப் பற்றிக்கொள்ளும். பூ இல்லாத காலத்திலும் இவ்வடையாளம் தவறாது. கிழங்கைத் தின்றுவிட்டார் என்று ஐயம் எழுந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல், எஞ்சிய கிழங்கையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். என்ன உண்டார் என்று தெரியாமல் மருத்துவர் தடுமாறும் நேரம், பிழைக்க வேண்டியவரின் நேரம்.

அம்மாணவர் காட்டிய வேலியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துவந்து, கல்லூரித் தோட்டத்தின் ஒரு மூலையில், கம்பிவேலிக்குள் நட்டிருக்கிறோம். அருகில் வைக்கப் பலகையொன்று எழுதினோம். காந்தள், செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என எல்லாப் பெயர்களும் அதில் இருந்தன. குறிஞ்சிப்பாட்டும் குறுந்தொகையும் மாநில மலர் என்ற சிறப்பும் இருந்தன. எழுதி முடித்து, பிழை பார்க்குமாறு தோட்டப் பணியாளரிடம் காட்டினோம். அவர் இருமுறை மேலும் கீழும் படித்துவிட்டு, "எல்லாம் சரிங்க ஐயா. தின்னக்கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார்.

பலகை இப்போது மீண்டும் எழுதப்படுகிறது.